பக்கத்து சீட்டு

என் வீட்டுக்காரர் காசிமாயன் போடியில் ஏலக்காய் வியாபாரி. மூட்டையின் மேலே கிடப்பதை நம்பவே மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை அள்ளி முகர்ந்த பிறகுதான் விலை பேசுவார். பெற்ற மகனிடமும் அதே புத்திதான்.

சுருளிவேல் மெட்ராசுக்கு அந்தப் பக்கம் விமானம் ஓட்டப் படித்தான். சின்ன விமானத்தைத் தனியாக ஓட்டுமளவுக்குத் தேறிவிட்டான். கம்பெனி வேலைக்கு அது போதாது. மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாதபோது, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டவும் படிக்க வேண்டும். அதைச் சொல்லித்தந்த மூத்த வாத்தியார் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். அனுபவமுள்ள வேறு ஆள் கிடைக்கவில்லையாம். ஆடியில் வீடு வந்தவன் கார்த்திகை பிறந்தும் கிளம்பவில்லை.

"வாத்தியார் இல்லையாம்ல, வாத்தியார். தொரத்திவிட்டுட்டாங்கெடி" என்று இவர் என் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். எனக்கும் சந்தேகம்தான். பொம்பளைப் பிள்ளை விவகாரமோ என்று அவன் சட்டைப் பையைத் துழாவினேன். பஸ் டிக்கெட்டும் வாசனைப் பாக்கும்தான் இருந்தன. அப்படியும் மனசு ஆறவில்லை.

மதுரையில் சோலி என்று கிளம்பிப் போனவர், நேரே அந்தப் பயிற்சி நிலையத்துக்கே போயிருக்கிறார். திரும்பி வந்தபோது கையில் மல்லிகைப்பூ, வாயெல்லாம் பல்.

"ஏ பொன்னுமணி, உன் மகன் விஷயத்தை அமுக்கியிருக்கான் பாத்தியா. இவனையே அங்க வாத்தியாரா இருக்கச் சொல்லியிருக்காக. மாட்டேன்னுட்டானாம். நான் வருவான்னு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே கோபமும் வந்தது. "ஏன் அப்பு, எங்ககிட்ட மறைச்சே?"

சுருளிவேல் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். "சொன்னா போகச் சொல்லுவீக, ஆத்தா."

"வாத்தியார் வேலை கசக்குதாக்கும்" என்றார் இவர்.

"மேகத்துக்குள்ள போயிட்டா மேல எது, கீழ எதுன்னே தெரியாதுப்பா. மூத்த வாத்தியார் கூட ரெண்டொரு தடவை போனேன். அவரு பக்கத்துல இருந்ததால தரைக்கு வந்தேன். எனக்கே தெரியாதப்ப, என்னை நம்பி இன்னொருத்தன் ஏறி உக்காந்தா, அவனை யாரு எறக்குவா?"

"பயந்தாங்கொள்ளி."

"நம்ம ஜீப்புல, டிரைவர் மொக்கையண்ணன் பக்கத்து சீட்டுல ஒரு மழைக்காலம் பூரா உக்காராதவனுக்கு, மலை ரோட்டுல ஆளேத்திட்டுப் போகச் சாவி குடுப்பீகளா?"

ஜீப் கிளீனர் ஜக்கையன் எத்தனையோ தடவை கெஞ்சியும் சாவி கொடுக்காத மனுஷன் இவர். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, வரமாட்டான் என்று தந்தி அடிக்கப் போனார். மல்லிகைப்பூவை நான்தான் எடுத்துத் தண்ணீர் தெளித்து வைத்தேன்.

மறுவாரம் சரக்குப் பார்க்க வந்த வியாபாரி ராக்கையா, "என்னண்ணே, மகன் இன்னும் வீட்டுலயா?" என்று கேட்டார்.

"சொல்லிக் குடுக்க ஆளில்ல. வாத்தியாருக்குக் காத்திருக்கான்" என்றார் இவர்.

"அப்படியா" என்று இழுத்த ராக்கையா, இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார்.