மஞ்சள் தடவிய மெயில்

ஸ்வர்ணாவின் அலுவலகத்தில் வேலையை விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே மெயிலைத்தான் அனுப்பினார்கள். முதன்முதலில் விலகிப் போன பரத்வாஜ் ஆங்கிலத்தில் எழுதியது அது. ‘அன்புள்ள அனைவருக்கும்’ என்று தொடங்கி, உங்களோடு வேலை பார்த்தது என் பாக்கியம், தொடர்பில் இருப்போம் என்று முடியும். பின்னால் போனவர்கள் பேரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஒரு புண்ணியவான் அதையும் மறந்து, பரத்வாஜ் பேரிலேயே விடைபெற்றுப் போனார்.

2004-ல் ஸ்வர்ணாவின் முறை வந்தது. பெங்களூரில் நல்ல வேலை. விஷயம் மேனேஜருக்கு மட்டும்தான் தெரியும். கடைசி நாள் வரை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். காரணம், அனிதா.

இருவரும் திருத்தணிக்காரிகள். அங்கிருந்து கிளம்பும் மின்சார ரயிலில் ஐந்து வருஷமாக அம்பத்தூருக்கு ஒன்றாகப் போய் வருகிறவர்கள். முதலில் ஏறுகிறவள் மற்றவளுக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பாள். ஸ்வர்ணாவின் அப்பாவுக்கு மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமையல் வேலை. அவர் கொண்டுவரும் புளியோதரையில் பாதி அனிதாவின் டப்பாவுக்குப் போய்விடும். அலுவலகத்திலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

இவளிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினாள். அரக்கோணம் போகும், திருவள்ளூர் போகும். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடுமோ என்று பயந்து சும்மா இருந்துவிடுவாள். கடைசி நாளான வெள்ளிக்கிழமை காலை பரத்வாஜின் மெயிலில் பேரை மாற்றி, எல்லோருக்கும் அனுப்பினாள். அந்த எல்லோரில் அனிதாவும் இருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் அனிதா மெயிலைத் திறந்து படித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ‘ஆல் தி பெஸ்ட்’ என்று பதில்கள் வந்து குவிந்தன. மதியம், டப்பாவைத் தூக்கிக்கொண்டு தனியாக எழுந்தவளை ஸ்வர்ணா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உள்ளூர்ல இருக்கறவங்களுக்கு யாராச்சும் தபால்ல பத்திரிகை அனுப்புவாங்களா?” என்று கேட்டாள் அனிதா. “நா இன்னா டெல்லிலயா இருக்கேன்? உன் பக்கத்துலதான குந்திகினு இருக்கேன்!”

ஸ்வர்ணாவுக்குச் சுருக்கென்றது. அவர்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை வெளியூருக்குத்தான் தபாலில் போகும். உள்ளூர்க்காரருக்குத் தட்டோடு வீடு தேடிப் போய் வைக்க வேண்டும். தபாலில் அனுப்பினால், நீ வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அனிதாவின் சித்தப்பா அதற்காகவே சொந்தத் தங்கை வீட்டு வாசற்படியை இன்னும் மிதிக்கவில்லை.

சாயங்கால ரயிலில் அனிதா வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்வர்ணா பெங்களூர் கிளம்ப வேண்டும். இப்படியே போனால் ஜென்மத்துக்கும் பேச்சு இருக்காது. சித்தப்பா ரத்தம்தானே அனிதா உடம்பிலும் ஓடுகிறது!

நல்லவேளை, அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது ஞாபகத்துக்காக மெயிலை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து வைத்திருந்தாள். சனிக்கிழமை காலை அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச்சிமிழ், எல்லாவற்றுக்கும் மேல் மெயில்.

“யாருக்குடி கல்யாணம்?” என்றாள் அம்மா காமு.

“யாருக்கும் இல்லம்மா” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

கதவைத் திறந்தது அனிதாவின் அம்மா மணியம்மை. தட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. “இன்னாம்மா, சொல்லவே இல்ல! மாப்ள எந்த ஊரு?”

“அனிதாவைக் கூப்பிடுங்கம்மா. அவ கையிலதான் குடுக்கணும்.”

அனிதா வந்தாள். தட்டைப் பார்த்தாள், மஞ்சள் மூலைகளோடு இருந்த மெயிலைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நேர்லதான்டி சொல்லியிருக்கணும்” என்றாள் ஸ்வர்ணா. “சொன்னா அழுதுடுவேன்னு பயமா இருந்துது. நாளைக்கு நான் பெங்களூர் போறேன். நீ அவசியம் வந்து வழியனுப்பணும்.”

அனிதா தாளை ஒற்றை விரலால் தட்டினாள். “இது இன்னா, அனைவருக்கும்னு கீது? பத்திரிகைன்னா பேர் எழுதித்தான குடுப்பாங்க? எழுது.”

டி.வி. மேல் கிடந்த பேனாவை எடுத்து நீட்டினாள். ஸ்வர்ணா முதல் வரியை அடித்துவிட்டு ‘அனிதாவுக்கு’ என்று எழுதினாள். எழுதும்போதே கண்ணீர் சொட்டி, மஞ்சளும் மையும் ஒன்றாகக் கலந்தன. இத்தனை நாள் எதற்குப் பயந்தாளோ, அந்த அழுகை மணியம்மை எதிரிலேயே ஓவென்று வந்தது. மணியம்மையோ, மாப்பிள்ளை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அனிதா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

“கண்டிப்பா வரேன். ஸ்டேஷனோட இல்ல, அரக்கோணம் வந்து பெங்களூர் வண்டில உன்ன ஏத்திவுட்டுட்டுத்தான் திரும்புவேன்” என்றாள். “நீ பெட்டியத் தூக்கிகினு மெதுவா வா. நா முன்னாடியே போயி கைக்குட்டை போட்டு வெக்கறேன்.”