கோடாலி கொண்டுவந்த திருத்தம்

என் கணவர் எழுதும் கடிதங்களை அனுப்புவதற்கு முன் நான் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். அவர் கெர்னலில் வேலை செய்தவர். கெர்னல் என்பது கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரல். அது இல்லாமல் திரையில் ஒரு புள்ளிகூட நகராது. எங்கெங்கோ இருக்கிற பலர் சேர்ந்து அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். அதில், கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நெட்வொர்க் பகுதியில், ஒரு பழைய வகை ப்ராசஸர் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அதற்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்துக்கு வேறு வேலை இருந்தது. அதைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறந்ததே இல்லை.

கடிதங்களில் இருக்கும் விஷயம் எனக்குப் புரிய வேண்டியதில்லை. கோபம் எங்கே வழிகிறது என்று சொன்னால் போதும்.

"இந்த ரெண்டு வரியும் வேண்டாங்க."

"அவன் மட்டும் என்னைக் கொஞ்சினானா?"

அவன் என்றால் கோடாலி. நெட்வொர்க் பகுதி முழுவதற்கும் பொறுப்பாளர். எந்த நிரலைக் காட்டினாலும் அதில் எதை வெட்டலாம் என்றுதான் முதலில் பார்ப்பார் என்பதால் என் கணவர் வைத்த பெயர் அது. எங்கள் ஊரிலேயே மறுகோடியில் இருந்தார். பழைய ப்ராசஸருக்கான ஆதரவை எடுத்துவிட வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். எப்போதாவது வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றும்போதே சண்டை தொடங்கிவிடும்.

"யோவ், உன் பெட்டிய மியூசியத்துல குடுத்தாலும் திருப்பி அனுப்பிடுவான்."

"உன்னையும்தான்."

அந்தப் பெட்டி, பழைய ப்ராசஸர் உள்ள கணினி, எங்கள் பக்கத்து அறையில் இருந்தது. சாம்பல் நிறம், இடுப்பு உயரம். புதிதாக வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதில் ஓட்டிப் பார்ப்பார். ஒருமுறை என் அம்மா வந்து அந்த அறையில் படுத்துவிட்டு, காலையில், "மாப்பிள்ளைய விட அது சத்தமா குறட்டை விடுது" என்றாள்.

அதற்கு இருந்த குறையை அவர் எனக்கு மாடிப்படியில் நின்று விளக்கியிருக்கிறார். பழைய ப்ராசஸர் நான்கு நான்கு பைட்டாகத்தான் படிக்கும். படியின் விளிம்பில் கால் வைக்கத் தெரியும். இரண்டு படிகளுக்கு நடுவே வைக்கச் சொன்னால் விழுந்துவிடும். நெட்வொர்க்கில் வரும் தகவல் பொட்டலமான பேக்கெட்டின் தலைப்பகுதியோ பதினான்கு பைட். நான்கில் அடங்காமல் இரண்டு துருத்தும். அதனால் முன்னால் இரண்டு பைட்டைக் காலியாக விட்டுவிட்டால், பின்னால் வருவதெல்லாம் சரியான படியில் வந்து உட்காரும். புதிய ப்ராசஸர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால் புதிதாக எழுதுகிறவர்கள் அந்தக் காலி இடத்தை மறந்துவிடுவார்கள். அவர்கள் மறக்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்து அறையில் பெட்டி உறைந்து நிற்கும்.

அவருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்த வருடத்தில்தான் அது அடிக்கடி உறைந்தது. மருந்து ஏற்றிவிட்டு வந்து, மடியில் தலையணை, தலையணை மேல் லேப்டாப் என்று உட்கார்ந்து சரி செய்வார். அடுத்த வெளியீட்டில் வேறொரு இடத்தில் உடையும். "ஒண்ணு சரி பண்ணுங்க, இல்ல எடுத்துடுங்க. உங்களத் தவிர இதச் சோதிக்க ஆளே இல்ல" என்று கோடாலி எல்லோரும் பார்க்கிற மடல் குழுவில் எழுதினார். என் கணவர் வாளி பக்கத்தில் இருக்க, பதில் எழுதி, வாந்தி எடுத்து, மறுபடி எழுதி, என்னிடம் நீட்டினார். நான் மூன்று வரியை அடித்தேன்.

பிறகு ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "இந்த மருந்து கேக்கல. இன்னொண்ணு இருக்கு. குடுத்துப் பாக்கலாம். ஆனா உடம்பு தாங்கணும்."

"குடுங்க டாக்டர்" என்றேன் நான்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோம்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மேடம், ஒரு தடவ பாத்துடுங்க."

பழைய ப்ராசஸருக்கான நெட்வொர்க் ஆதரவை நீக்கும் பேட்ச், அதாவது நிரலை மாற்றச் சொல்லும் கடிதம். அனுப்புபவர், அவர். நான் இரண்டு முறை படித்தேன்.

"இத நீங்களா எழுதினீங்க?"

"கோபம் இருக்கா, சொல்லுங்க."

"இல்ல."

"அப்ப அனுப்பிடலாமா?"

"இன்னும் பாத்து முடிக்கல."

டாக்டரம்மாவிடம் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தக் கடிதம் என் கையில் இருக்கும்வரை அனுப்ப மாட்டார். அதை அனுப்பாதவரை, மருந்து வேண்டாம் என்று டாக்டரம்மாவிடமும் சொல்ல மாட்டார். அப்படித்தான் நினைத்தேன். ஒரு பக்கக் கடிதத்தைக் காலையிலும் சாயங்காலமும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இந்த வேகத்துல பாத்தா அச்சகத்துல உங்களுக்கு எப்படி வேலை குடுத்தாங்க?" என்றார், கட்டிலில் இருந்தபடி.

"சரி பண்ண முடியாதா?"

எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். பெட்டியைப் பற்றியே பதில் சொன்னார். "முடியும். சரி பண்ணினப்புறம் தினமும் யாராவது கூடவே இருந்து பாக்கணும். பாக்காம சும்மா விட்டு வச்சா, அது வேலை செய்யுதுன்னு எவனாவது நம்பிக்கிட்டு இருப்பான். ஒருநாள் நட்டாத்துல விட்டுடும். இல்லன்னு நேரா சொல்லிட்டா அவன் வேற வழி பாத்துப்பான்."

அதை நம்பியிருந்தவர்களில் எங்களுக்குத் தெரிந்த கடைசி ஆள், தண்ணீர் இறைக்கும் நிலையம் ஒன்றின் பொறியாளர். அவருடைய எந்திரங்களைப் புதியவற்றுக்கு மாற்றும் வேலையைப் படுக்கையில் இருந்தே போனில் சொல்லிக்கொடுத்து என் கணவர் முன்பே முடித்திருந்தார். அதன் அர்த்தம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் கோடாலிக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, இவர் அத எடுத்துடலாம்னு எழுதி வச்சிருக்கார். நீங்க வேண்டாம்னு சொல்லணும்."

மறுமுனையில் கோடாலி, "நானா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். சண்டை போடாமல் செருப்பைக் கழற்றினார். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, கட்டிலருகே முக்காலியில் வைத்தார். பழைய ப்ராசஸருக்காக அவரே ஒரு திருத்தம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்கெங்கே இரண்டு பைட்டைக் காலி விட மறந்தார்களோ அங்கெல்லாம் போய்ச் சரி செய்தது மட்டுமில்லாமல், இனி யாராவது மறந்தால் எச்சரிக்கை வருகிற மாதிரி.

என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பிறகு நாங்கள் மூவரும் பக்கத்து அறைக்குப் போனோம். அவரை நான் ஒரு பக்கமும் கோடாலி ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். பெட்டி ஓடியது. பின்பக்கத்துப் பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. எவ்வளவு பேக்கெட்டை அனுப்பினாலும் உறையவில்லை.

"நல்லா எழுதியிருக்க. உன் கைக்கு இவ்வளவு பொறுமை உண்டுன்னு எனக்குத் தெரியாது" என்றார் என் கணவர்.

"எடுத்துக்க. நான் பாத்துக்கறேன், இனிமே."

"எத்தன நாளைக்கு?"

"முடியற வரைக்கும்."

"என் மேல இருக்கற பாசத்துல ஒரு வருஷம் பாப்ப. அப்புறம் இது உனக்குச் சுமை. இறக்கி வைக்கவும் மனசு வராது. வேண்டாம்யா. நானே எழுதிட்டேன், எடுத்துக்க. நீ கேட்டதுதானே?"

"நான் கேட்டப்பல்லாம் நீ குடுக்கல. இப்பக் குடுத்தா நான் எப்படி வாங்கிக்கறது?" என்றார் கோடாலி. பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதார்.

"யோவ், அது மேல அழாத. ஷார்ட் ஆயிடும்."

சிரிப்பும் அழுகையுமாக அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டபோது, என் கணவர் என்னைப் பார்த்தார். "இவன் திருத்தம் வேலை செய்யுது. அது எனக்குத் தெரியாம இல்ல" என்றார்.

அன்று மாலை கடிதத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒரே ஒரு வரியைத்தான் அடித்திருந்தேன். 'இத்தனை காலம் எல்லோருக்கும் சிரமம் கொடுத்ததற்கு வருந்துகிறேன்' என்று கடைசியில் எழுதியிருந்தார்.

"இது ஏன் வேண்டாம்? இதுல கோபம் இல்லையே."

"எனக்கு இருக்கு."

அந்த வரியை நீக்கிவிட்டு அனுப்பினார். மறுநாள் டாக்டரம்மாவிடம் அவர் பேசும்போது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். குறுக்கே பேசவில்லை. பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிற கோடாலியிடமிருந்து ஒற்றைச் சொல் வந்தது: ஒப்புதல்.

அதன் பிறகு வாளி தேவைப்படவில்லை. ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். நான் கொண்டுவரும் மெய்ப்புத் தாள்களை வாங்கிப் படித்து, அந்த எழுத்தாளர்களை எல்லாம் திட்டினார். அந்த பேட்ச் எல்லாப் படிகளையும் தாண்டிக் கெர்னலில் சேர்வதற்கு முன்பே போய்விட்டார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து, கெர்னலின் அடுத்த வெளியீடு வந்தபோது, கோடாலி வந்து நின்றார். நீக்கிய நிரலையும் தன் திருத்தத்தையும் தன் லேப்டாப்பில் மட்டும் திரும்பச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். "சும்மா பாக்கலாம்னு, தங்கச்சி" என்றார். பெட்டியில் ஓட்டினார். பச்சை விளக்கு சிமிட்டியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டீ குடித்தார். போனார். அடுத்த வெளியீட்டுக்கும் வந்தார். அதற்கடுத்ததற்கும். யாருக்கும் அனுப்பாத, யாரும் பயன்படுத்தாத ஒன்று. நானும் கேட்கவில்லை. அவர் வரும் நாட்களில் அந்த அறையைப் பெருக்கி வைப்பேன்.

போன முறை அது ஓடவில்லை. பாதித் திரையில் உறைந்து நின்றது. காலையில் உட்கார்ந்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. நான் வைத்த டீ ஆடை கட்டிப்போயிற்று.

"எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன். புதுசா ஒரு இடத்துல ரெண்டு பைட் விட மறந்திருக்காங்க. நாலஞ்சு ஞாயித்துக்கிழமை வந்தா சரி பண்ணிடுவேன்" என்றார். ஒரு கை பெட்டியின் மேலேயே இருந்தது. முகம் களைத்திருந்தது. டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னால் "குடுங்க" என்று நான் சொன்னபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

"அண்ணே, போதும்."

"முடியும்மா."

"முடியும்னு எனக்கும் தெரியும்ணே."

அவர் லேப்டாப்பை மூடினார். "நீ அணைக்கறியா, நான் அணைக்கட்டுமா?"

என் கணவர் போன பிறகும் அணைக்காமலே இருந்த பெட்டியை நான்தான் அணைத்தேன். விசிறி உடனே நிற்கவில்லை. சுற்றிச் சுற்றித் தணிந்தது. கோடாலி ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அடுத்த வீட்டில் குழாய் திறந்தால் அந்த அறைக்குள் கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.