வலது பக்கத்து ஸ்லாட்

அந்த ஸ்கேன் சென்டரில் டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அங்கே ஸ்கேன் எடுக்கும் நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அண்ணியும் புருஷனும் சேர்ந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார்கள். ஸ்கேன் படங்கள் ஆமை வேகத்தில் நகர்கின்றன என்று கூப்பிட்டதால் போன மாதம் புருஷன் வந்து, படங்களைச் சேமித்து அனுப்பும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இந்த சர்வரைத் தலைமுழுகிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

டாக்டருக்கு மனசு வரவில்லை. அண்ணியும் ஒரு தடவை பார்க்கட்டும், அவளாலும் முடியாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்றார். இந்த இடம் கைவிட்டுப் போனால் கடையின் பாதி வேலை போய்விடும். ஆனாலும் அண்ணி அலட்டிக்கொள்ளவில்லை. தன் கையை நம்புவதில் அவள் ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

மதியச் சாப்பாட்டு வேளையில் சர்வரை நிறுத்தி, மின்சார ஒயரைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினாள். படங்களை வேகமாக அனுப்பும் புது நெட்வொர்க் கார்டை ஓரம் பிடித்து, கைக்கு வசதியாக இருந்த வலது பக்கத்து ஸ்லாட்டில் அழுத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மூடியைப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். சர்வர் எழுந்தது, ஆனால் புதுக் கார்டு திரையில் தலைகாட்டவே இல்லை.

நாத்தனாருக்கு முகம் வெளிறிவிட்டது. "அண்ணி, கார்டு கெட்டதுன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்று காதோரம் கிசுகிசுத்தாள்.

அண்ணிக்கு அதற்குள் பொறி தட்டிவிட்டது. இந்த சர்வரில் இரண்டு பிராசசருக்கு இடம் உண்டு, இருப்பதோ ஒன்றுதான். வலது பக்கத்து ஸ்லாட்டுகளெல்லாம் அந்த இல்லாத பிராசசரை நம்பி இருப்பவை. மற்ற இடங்களில் இரண்டும் இருக்கும், அதனால் கை பழக்கதோஷத்தில் அங்கே போய்விட்டது. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"டாக்டர், கார்டு நல்லாத்தான் இருக்கு. நான்தான் எடம் மாத்தி வலது பக்கம் மாட்டிட்டேன். இன்னொரு தடவ நிறுத்தணும்."

"வலது பக்கமா?" டாக்டர் ஒரு நிமிடம் யோசித்தார். விறுவிறுவென்று தன் அறைக்குப் போய் மூன்று கார்டுகளோடு திரும்பினார். "போன மாசம் உங்க வீட்டுக்காரர் கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கினது. மூணையும் அந்தப் பக்கம்தான் மாட்டிப் பாத்தாரு. நான் கூடவே நின்னேன்."

அண்ணி சர்வரை நிறுத்தி, தன் கார்டை இடது பக்கம் மாற்றினாள். அதன் பக்கத்திலேயே அந்த மூன்றில் ஒன்றையும் சொருகினாள். சுவிட்சைத் தட்டியதும் இரண்டும் சமர்த்தாகத் திரையில் வந்து நின்றன.

"இனிமே இங்க நீங்களே வாங்கம்மா" என்றார் டாக்டர்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணனுக்கு மூக்குக்கு மேல கோவம் வருமே. எப்படிச் சொல்லப்போறீங்க?"

"நான் எடம் மாத்தி மாட்டினேன்னு மொதல்ல சொல்லுவேன். அவரு நல்லா சிரிச்சு முடிக்கட்டும். மிச்சத்த அப்புறம் சொல்லிக்கலாம்."