டெல்மார் துரையின் பேரன்

லண்டனில் பார்க்கிங் என்கிற பகுதியில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கர்களில் கிறிஸ்துராஜாவைத் 'துரை' என்று கூப்பிடாதவர்கள் குறைவு. அதிகாரம் பண்ணி வாங்கிய பேர் இல்லை அது. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்கிற சாதுவான மனுசன் அவர். பேருக்குக் காரணம் அவருடைய பூட்டனைப் பெற்ற டெல்மார் அகுஸ்தீன். எங்கள் வழக்கத்தில் பேருக்கு முன்னால் நிற்பது தகப்பன் பேர்தானே? ஆகவே அகுஸ்தீனின் தகப்பன் டெல்மார். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி, அமெரிக்காவின் தெற்குப் பக்கத்திலிருந்து மன்னாருக்குப் பருத்தி பயிரிட வந்த தோட்டத்துரை. சாட்சி கேட்டால் கிறிஸ்துராஜா தன் சாம்பல் பூத்த கண்களை விரித்துக் காட்டுவார்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டில், அந்த டெல்மாரின் வம்சத்திலேயே ஒருத்தி கடிதம் போட்டாள். பேர் ஹேசல். லூசியானாவில் ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தன் பாட்டன் முப்பாட்டனைத் தேடிக்கொண்டு மன்னாருக்கு எழுத, அங்கிருந்த பாதர் கிறிஸ்துராஜாவின் லண்டன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். ஒக்டோபரில் லண்டன் வருகிறாளாம், பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள்.

கிறிஸ்துராஜாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று கண்டவரையெல்லாம் விருந்துக்கு அழைத்தார். ஹேசலுக்குக் காட்டுவதற்கென்று, அகுஸ்தீனின் ஞானஸ்நானப் பதிவைப் பிரதி எடுத்து அனுப்பும்படி அந்தப் பாதருக்கும் எழுதினார்.

பிரதி விருந்துக்கு முந்தின கிழமை வந்தது. அதில் பாதரின் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது: தகப்பன், கிணறு வெட்டுகிற சந்தியோ. தாய், மரியான். ஞானத்தகப்பன், டெல்மார் துரை.

கிறிஸ்துராஜா அதை மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் தகப்பன் இடத்தில் சந்தியோ அப்படியே இருந்தான். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்குத் துரை கொடுத்தது இரத்தம் இல்லை, பேர் மட்டுந்தான். கடுதாசியை மடித்துக் கோட்டுப் பைக்குள் செருகினார்.

"பாதற்றை பிரதி வந்ததோ?" என்று மனைவி அஞ்சலீனா கேட்டாள்.

"ஊரிலை நடக்கிற சண்டைக்கை தபால் எங்கை ஒழுங்கா வருது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையச் சனம். ஹேசல் மெலிந்த மனுசி. வாசலிலேயே கிறிஸ்துராஜாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவளுடைய இங்கிலீசு பார்க்கிங் இங்கிலீசு இல்லை, பாகு போல இழுபடுகிற இங்கிலீசு. அவருக்கு மட்டுந்தான் அது பிடிபட்டது. அவர்தான் எல்லாருக்கும் சொல்லவேண்டி வந்தது.

அவள் பையிலிருந்து டெல்மாரின் மரண சாசனத்தை எடுத்தாள். வீடு மூத்த மகனுக்கு, கோவேறு கழுதைகள் இளையவனுக்கு. கூடவே இத்தனை மனுசர் மூத்தவனுக்கு, இத்தனை மனுசர் இளையவனுக்கு. அவர்களுடைய பேர்களை அவள் ஒவ்வொன்றாகத் தடவித் தடவி வாசித்தாள்.

"என்னவாம்?" என்றார் செபமாலைமுத்து. கிறிஸ்துராஜாவோடு கூடப் படித்தவர், அவரை வாரிவிடுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்.

"அடிமையள் வைச்சிருந்தவராம்."

ஹேசலின் குரல் தளும்பியது. என் வீட்டில் ஒருவரும் வாய் திறக்காத கதை இது, என்றாள். மன்னாரில் டெல்மார் பேரோடு ஒரு பிள்ளை இருந்தது என்று அறிந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஒரு ஏழைப் பெண்ணைக் கெடுத்து, பிள்ளையையும் கைவிட்டுவிட்டுக் கப்பலேறிய பாவி எங்கள் டெல்மார். அவனுக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் கடல் தாண்டி வந்தேன்.

"இப்ப என்னவாம், துரை?"

பெருமைப்பட ஆள் கூட்டிய வீட்டில் மன்னிப்புக் கேட்கிறாள். 'உங்களைக் கண்டதில் சந்தோசமாம்' என்று சொன்னால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தானும் துரையாகவே இருக்கலாம். ஆனால் டெல்மார் செய்யாத குற்றம் ஒன்றைச் சுமந்துகொண்டு அந்த மனுசி வீடு திரும்புவாள். கிறிஸ்துராஜா அவளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார்.

கடுதாசியை முதலில் இங்கிலீசில் அவளுக்குச் சொன்னார். பிறகு சத்தமாகத் தமிழில் வாசித்தார்.

"நான் துரையின்ரை பேரன் இல்லை. கிணறு வெட்டின சந்தியோவின்ரை பேரன்."

ஹேசல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை சிரிப்பாக மாறியது. "இந்தப் பிள்ளைக்கு அவன் தீங்கு செய்யவில்லை" என்றாள். சாசனத்திலுள்ள பேர்களைத் தொட்டு, "இவர்களுக்குச் செய்தான். இனி இவர்களுடைய பிள்ளைகளைத் தேடிப் போகவேண்டும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

செபமாலைமுத்து விடுவாரா? "அப்ப அந்தப் பூனைக்கண் எங்காலை வந்தது?"

"டொக்டர் போன மாதமே சொல்லிப்போட்டார், கட்டராக்டாம்" என்றாள் அஞ்சலீனா. வீடு குலுங்கியது. கிறிஸ்துராஜாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதுசரி, இவவை இனி என்னெண்டு கூப்பிடுறது?" என்று அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா எண்டெல்லோ நினைச்சு வைச்சிருந்தனான்."

அஞ்சலீனா சோற்றுக் கரண்டியோடு ஒரு கணம் யோசித்தாள். "ஞானத்தகப்பன்ரை பிள்ளையள் எங்களுக்கு என்ன முறை?"

"சகோதரம்" என்றார்கள் நாலைந்து பேர். ஞானஸ்நானத் தொட்டியில் ஏற்பட்ட உறவுக்குள் கலியாணம்கூடச் செய்யமாட்டார்கள், அவ்வளவு கிட்டிய சொந்தம் அது.

"அப்ப அக்காதான்."

"இவ்வளவு கூத்துக்குப் பிறகும் முறை மாறேல்லையோ" என்றார் செபமாலைமுத்து. "சரி, சந்தியோவின்ரை பேரா, உன்ரை அக்காவுக்கு இறைச்சியைப் போடு. ஆறப்போகுது."

கிறிஸ்துராஜா ஹேசலின் சோற்றுக் கோப்பையில் ஆட்டிறைச்சியை நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டார். உறைக்கும், பார்த்துச் சாப்பிடுங்கள் என்று இங்கிலீசில் சொன்னவர், கடைசியில் மட்டும் தமிழில், "அக்கா" என்றார்.