பிரிக்கக் கூடாத நோட்ஸ்

எல்லாம் என் வாய்க்கொழுப்பால் வந்தது. வாக்கெடுப்பு என்றால் என்னவென்று புரிய வைக்கிறேன் பேர்வழி என்று, "இந்த வகுப்புக்கு நீங்களே ஒரு சட்டம் போடுங்க, நானும் கட்டுப்படறேன்" என்றேன். பத்தே பிள்ளைகள். போன தேர்வில் மொத்தமாகக் கோட்டை விட்டவர்கள். வக்கீலம்மா என்று நாங்கள் கூப்பிடும் பெண் எழுந்து, "மாணவர்களுக்கு இனி வீட்டுப்பாடம் கிடையாது" என்றாள். பத்துப் பேரும் கை தூக்கினார்கள், பாவிகள்!

வாக்கு மாறினால் எந்த முகத்தோடு குடிமையியல் நடத்துவது? சட்டத்தைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் ஹெச்.எம். வகுப்பு வாசலில் நின்று கத்தினார். "அதை அழிங்க!"

"மாட்டேன் சார். ஓட்டுப் போட்டு வந்த சட்டம்."

"இந்தத் தடவையும் இவங்க தேறலன்னா வரலாறு, உளவியல், குடிமையியல் மூணையும் இழுத்து மூடிடுவேன். நீங்களும் வேற வேலை பாத்துக்கலாம்."

இந்த வேலையை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது.

சரி, உளவியலைக் கையில் எடுப்போம் என்று மூன்று பாடத்தின் அடிப்படையையும் பன்னிரண்டு பக்கத்தில் சுருக்கினேன். பத்துப் பிரதி எடுத்து, நாலு ஓரமும் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடி ஆளுக்கொன்று கொடுத்தேன். "இது அடுத்த வருஷப் பாடம். உங்க மண்டையில இப்ப ஏறாது. என் அலமாரியில இடமில்ல, பத்திரமா வச்சிருங்க. யாரும் பிரிக்கக் கூடாது."

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பத்தும் மூடித்தான் இருந்தன. ஆனால் நான் அடித்தது வெள்ளைப் பின். இப்போது எல்லாவற்றிலும் செம்பு நிறப் பின். அடி சக்கை! நோட்ஸில் இருந்த ஒன்றைச் சும்மா கேட்பதுபோல், "சான்றை எப்படிச் சோதிக்கிறது?" என்றேன். கடைசி பெஞ்சுத் தூங்குமூஞ்சிகூட, "யார் சொன்னது, எப்ப சொன்னது, ஏன் சொன்னதுன்னு பாக்கணும் மிஸ்" என்றான். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பத்துப் பேரும் தேறினார்கள். முடிவு வந்த அன்று துள்ளிக்கொண்டு போனால், என் நாற்காலி வகுப்பு நடுவில் கிடந்தது.

"உக்காருங்க மிஸ். உங்க மேல வழக்கு" என்றாள் வக்கீலம்மா. "ஏமாத்தி வீட்டுப்பாடம் குடுத்தீங்க."

"நானா? சான்று எங்க?"

நோட்ஸின் முதல் பக்கத்தை நீட்டினாள். என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில்: 'தேர்வுக்கு இன்னும் 21 நாள்.'

அசடு வழிந்தேன். "அப்ப பிரிச்ச அன்னைக்கே தெரியுமா? தெரிஞ்சும் ஏன்டி படிச்சீங்க?"

தூங்குமூஞ்சிதான் சொன்னான்: "ஹெச்.எம். கத்தினது எங்களுக்கும் கேட்டுச்சு மிஸ். நாங்க போட்ட சட்டத்தை மதிச்ச பெரியவங்க நீங்க ஒருத்தர்தான். உங்களை எப்படிப் போக விடறது?"

கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டாமல், "தீர்ப்பைச் சொல்லுங்க" என்றேன்.

"'நான் செய்தது தப்பு'ன்னு பத்துப் பக்கம். வீட்டுல எழுதிட்டு வரணும்."

"வீட்டுப்பாடம் கிடையாதுன்னு சட்டம் இருக்கே?"

"அது மாணவர்களுக்கு மிஸ்."

எழுதினேன். பத்துப் பக்கமும் எழுதி, நாலு ஓரமும் பின் அடித்துக் கொடுத்தேன்.