முதலில் பேசுகிறவள்

அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வழக்கின் வாதம் முடிந்ததும் ஐந்து நீதிபதிகளும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். உதவியாளர் கிடையாது, ஸ்டெனோ கிடையாது. யாராவது கதவைத் தட்டினால் எழுந்து போய்த் திறக்க வேண்டியவர், ஐவரில் கடைசியாகப் பதவிக்கு வந்தவர். ஆனால் முடிவைச் சொல்லும்போது மட்டும் அவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். பெரியவர்கள் பேசிவிட்டால் சின்னவருக்கு நாக்கு எழாது என்று எந்தப் புண்ணியவானோ யோசித்து வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அறைக்கு வெளியே ஊர் என்று ஒன்று இருப்பதை மட்டும் அந்தப் புண்ணியவான் மறந்துவிட்டார்.

இப்போது அந்த நாற்காலியில் இருந்தவள் ஒரு பெண். பாதித் தலை நரைத்தவளுக்கு அந்தக் கட்டடத்தில் ‘கடைக்குட்டி’ என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கடைக்குட்டி. அதை அவள் ரசிக்கக்கூடச் செய்தாள். பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயரைத்தான் ரசிக்க முடியவில்லை. ‘ஆளுங்கட்சி அம்மா.’ அவளை நியமித்தது இப்போதைய அரசாங்கம், அவள் பெயரைச் சொன்னவர் சட்ட அமைச்சர். அவ்வளவுதான் அவள் செய்த பாவம். அந்த ஆள் வீட்டு வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

வந்து சேர்ந்த வழக்கும் அப்படி. அரசு மருத்துவமனைகளில் கூட்டித் துடைக்கிற பெண்கள் வருஷக்கணக்காக ஒப்பந்தக் கம்பெனிகளிடம் வேலை பார்த்தார்கள். அவர்களை அரசு ஊழியர்களாக்கி ஒரு சட்டம் போட்டது அரசாங்கம். எப்போது? தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால். கம்பெனிகள் வழக்குப் போட்டன, கீழ் நீதிமன்றம் ‘இது ஓட்டுக்குப் போட்ட தூண்டில், செல்லாது’ என்று அடித்துவிட்டது. அரசாங்கம் மேல்முறையீட்டுக்கு வந்திருந்தது.

தூண்டில்தான், யார் இல்லை என்றது? ஆனால் சட்டம் போட சட்டமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது. அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டாள். நல்ல மனசோடு போட்டால்தான் சட்டம் செல்லும் என்றால் எந்த நாட்டிலும் ஒரு சட்டம் மிஞ்சாது. ‘செல்லும்’ என்று தன் குறிப்பை எழுதி மடித்தும் வைத்துவிட்டாள்.

நீதிபதிகள் கூடுவதற்கு முந்தைய சாயங்காலம் மகள் போன் செய்தாள். வெளியூரில் சட்டக் கல்லூரியில் படிக்கிறவள், விடுதியில் இருக்கிறாள். வழக்கு பற்றி அம்மாவிடம் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், கேட்கவும் இல்லை. வேறு ஒன்று சொன்னாள்.

“எந்தக் கேஸ் வந்தாலும் எங்க க்ளாஸ்ல பந்தயம் கட்டுவாங்கம்மா. எந்த ஜட்ஜ் எந்தப் பக்கம்னு. உம் பேருக்கு மட்டும் யாரும் கட்டல.”

“ஏன், நான் அவ்வளவு மோசமா?”

“எல்லாரும் ஒரே பக்கம் கட்டுனா பந்தயம் எப்படிம்மா நடக்கும்?” என்று சிரித்தாள் மகள். சிரித்தபடியே அழுகிற குரல் பெற்றவளுக்குத் தெரியாதா? “நான் வெளிய போய் நின்னுட்டேன். அவ்வளவுதான். நீ சாப்பிட்டியா?”

அந்தப் பேச்சு அவளுக்குள் முள்ளாகத் தைத்தது. எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அதெல்லாம் சும்மா. அவள் மடியில் ஒரு குந்துமணி கனம் இல்லை, பயம் மட்டும் மலைபோல் இருந்தது.

மறுநாள் ஐவரும் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்தவளைப் பார்த்து, “சொல்லுங்க மேடம்” என்றார் தலைமை நீதிபதி. குறிப்பு கையில் இருந்தது. அதில் இருந்ததைப் படிக்கத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

“செல்லாதுன்னு நினைக்கிறேன் சார்.”

சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். எதிரே ஒரு நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். தலைமை நீதிபதியின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. இத்தனை மாதத்தில் அந்த அறையில் அவளுக்குக் கிடைத்திராத மரியாதை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் வெட்கக்கேடு.

அடுத்துப் பேச வேண்டியவர் பக்கத்தில் இருந்தவர். பழைய அரசாங்கம் நியமித்தவர், முன்னே சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்ததால் எல்லோருக்கும் ‘வாத்தியார்’. அவரை எதிர்க்கட்சி ஆள் என்று ஊரே சொல்லும். அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

“எனக்கு இந்த கவர்மெண்டைக் கண்டாலே ஆகாது, உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா சட்டத்துல ஒரு ஓட்டையும் கிடைக்கல. தேடிப் பாத்துட்டேன். செல்லும்.”

யாரோ முதுகில் ஓங்கி அறைந்ததைப் போல இருந்தது அவளுக்கு. மூன்றாமவர் செல்லாது என்றார். நான்காமவர் செல்லும் என்றார். தலைமை நீதிபதி விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே யோசித்து, செல்லாது என்றார். மூன்றுக்கு இரண்டு. அவள் ஒருத்தி சொன்ன ஒரு சொல்லில் சட்டம் செத்தது.

“தீர்ப்பை நீங்களே எழுதுங்க மேடம். நீங்க எழுதுனா ஒருத்தனும் வாய் திறக்க முடியாது” என்றார் தலைமை நீதிபதி. அவர் நல்ல மனிதர், நல்லதற்குத்தான் சொன்னார். கையெழுத்துப் போடுகிறவரை யாரும் முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் வழக்கம்தான். எவரும் மாற்றிக்கொண்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

நீதிமன்றத்திலிருந்து அவள் கார் வெளியே வந்தபோது மதில் ஓரமாக அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் ஆள் மாற்றி ஆள் வந்து உட்காருவார்கள். சிலர் மருத்துவமனைச் சீருடையோடு அப்படியே வந்திருந்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிப் பாதத்தை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நீதிபதி யார் எவர் என்று தெரிந்து எழுந்ததாகத் தெரியவில்லை. கார் என்றால் எழுந்து பழகிய உடம்பு.

சனிக்கிழமை மத்தியானம் எழுத உட்கார்ந்தாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒரு காரணம் எழுதுவாள், அடுத்த வரியில் அதை அவளே உடைப்பாள். உள்நோக்கம் என்று எழுதினாள். எந்தச் சட்டத்துக்கு இல்லை? அவசரம் என்று எழுதினாள். அவசரம் குற்றமா? எழுதி எழுதிக் கிழித்ததில் காலடியெல்லாம் காகிதம். கடைசியில் மேஜை இழுப்பறையைத் திறந்து, மடித்து வைத்திருந்த பழைய குறிப்பை எடுத்தாள். பிரிக்கக்கூட இல்லை.

போன் அடித்தது.

“அம்மா, வணக்கம். உங்க அப்பாவுக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன், எப்படி இருக்காரு?” சட்ட அமைச்சர். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் ஆகிறது. “ஏதாவது உதவி வேணும்னா கூச்சப்படாம கேளுங்க. உங்க பேருக்காக நான் எத்தனை பேரோட மல்லுக்கட்டினேன்னு உங்களுக்குத் தெரியாது. அதையெல்லாம் சொல்லிக் காட்ட மாட்டேன். அந்த ஆஸ்பத்திரிப் பொம்பளைங்க பாவம்மா. நீங்க மறக்க மாட்டீங்கன்னு எங்களுக்கு நம்பிக்கை இருக்கு.”

“இந்த நம்பருக்கு இனிமே பேசாதீங்க” என்று வைத்தாள். பாவி மனுஷன், ஒரு அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? குறிப்பைப் பிரித்து முதல் வரியையாவது அவள் எழுதியிருப்பாளே. இப்போது மாற்றினால் அமைச்சர் சொல்லி மாற்றியது. மாற்றாவிட்டால் அந்த ஆள் மேலுள்ள ஆத்திரத்தில் மாற்றாதது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஆளே நின்றான். தான் எப்போது தீர்மானித்தோம் என்று அவளாலேயே சத்தியம் பண்ண முடியவில்லை.

புருஷன் பல் டாக்டர். கிளினிக்கிலிருந்து வந்தவர் தரையெல்லாம் கிடந்த காகிதத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார்.

“என்ன கேஸுன்னு நான் கேக்கல. முகம் ஏன் இப்படி இருக்கு?”

“சரின்னு ஒண்ணு தெரியுதுங்க. ஆனா அதைச் சரின்னு சொல்லி ஒரு அயோக்கியன் போன் பண்ணிட்டான்.”

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி கொஞ்சம் யோசித்தார். “எங்கிட்டயும் அயோக்கியனுங்க வர்றானுங்க. கடைவாய்ப் பல்லு வலிக்குதுங்கிறான். அயோக்கியன் சொல்றானேன்னு நான் முன்பல்லைப் பிடுங்க முடியுமா?”

“உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பல்லுதான்.”

“வேற என்ன தெரியும் எனக்கு” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. உட்கார்ந்து அழுது முடித்தாள். பிறகுதான் எழுதினாள், நிறுத்தாமல் எழுதினாள்.

திங்கட்கிழமை மறுபடி ஐவரும் கூடினார்கள். அவள் நகலை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, உட்காராமல் நின்றபடி சொன்னாள். “நான் மாத்திக்கிறேன். சட்டம் செல்லும். சனிக்கிழமை சட்ட அமைச்சர் எனக்குப் போன் பண்ணினாரு. அதையும் தீர்ப்புல எழுதியிருக்கேன்.”

தலைமை நீதிபதி எழுந்தே விட்டார்.

“என்ன காரியம் பண்றீங்க மேடம்? போன் வந்துச்சு, அதுக்கப்புறம் மாத்தினேன்னு நீங்களே எழுதினா நாளைக்கு இந்தக் கோர்ட்டை எவன் மதிப்பான்? பேசாம விலகிக்கோங்க. கௌரவமா இருக்கும்.”

“நான் விலகினா ரெண்டுக்கு ரெண்டு ஆயிடும் சார். கீழ்க்கோர்ட் தீர்ப்பு நிக்கும். அந்தப் பொம்பளைங்க வீட்டுக்குப் போவாங்க. என் கௌரவத்துக்கு அவங்க வேலையை விலையாக் குடுக்கவா?”

“அப்ப போன் சமாச்சாரத்தையாவது எடுத்துடுங்க.”

“எடுக்க மாட்டேன் சார்.”

வாத்தியார் அதுவரை கையிலிருந்த காகிதத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. படித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். “நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு வரி குறை சொல்ல முடியாது, நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தீர்ப்பை நம்புறேன். உங்களை நம்ப முடியல.”

அவள் பக்கம் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் சொன்னது அது.

“என்னாலயே முடியல சார். அதனாலதான் மறைக்காம எழுதியிருக்கேன்” என்றாள்.

தீர்ப்பு வெளியான அன்று மதிலுக்கு வெளியே பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். யாரோ கட்சிக்காரன் கொண்டுவந்து கொடுத்த கொடியைப் பிடித்துக்கொண்டு, சட்ட அமைச்சர் வாழ்க என்று கத்தினார்கள். கூட்டம் அவள் ஜன்னலுக்கு நேர் கீழேதான் நின்றது. அந்த அமைச்சரோ, நலம் விசாரித்தது குற்றமா என்று சாயங்காலத்துக்குள் பேட்டி கொடுத்துவிட்டார். டிவியில் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். உண்மையை எழுதியதற்குக் கிடைத்த பரிசு, ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற தலைப்பு.

மகள் போன் பண்ணினாள். அந்த அழைப்புக்குத்தான் அவள் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.

“முழுசாப் படிச்சேன்மா.”

“ம்.”

“அந்த போன் விஷயத்தை நீ எழுதலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காது.”

“முதல்ல வேற மாதிரி சொன்னேன்னு எழுதியிருக்கே. அது ஏன்னு எழுதல. இங்க எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. அமைச்சருக்குப் பயந்து மாத்திட்டாங்கன்னு சொல்றாங்க. நான் என்னம்மா சொல்லட்டும்?”

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். எத்தனையோ பேருக்குத் தீர்ப்புச் சொன்ன வாய், ஒரு பிள்ளைக்குப் பதில் சொல்ல இவ்வளவு கஷ்டப்பட்டது.

“பயந்தது நிஜம்னு சொல்லு. அமைச்சருக்கு இல்ல. முதல்ல செல்லாதுன்னேனே, அன்னிக்குத்தான் பயந்தேன்.”

“யாருக்கும்மா?”

“உங்களுக்குத்தான். உனக்கும், உங்க க்ளாஸுக்கும்.”

மறுமுனையில் விடுதியின் சத்தம் கேட்டது. யாரோ மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வருகிறாயா இல்லையா என்று கேட்டார்கள். “நீங்க போங்க” என்றாள் மகள் அவர்களிடம். போனை வைக்கவில்லை.