பானைக்குள் இருந்த சாட்சி

எலெயுதெரியோ மக்பானுவாவை முகமூடிக்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலை, அவனுடைய குரல் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்து தண்ணீர்ப் பானைக்குள் தங்கியது. சர்க்கரை விலை விழுந்து, நீக்ரோஸ் தீவில் வெட்ட ஆளிருந்தும் கூலி கொடுக்க ஆளில்லாமல் கரும்பு பூத்து நின்ற வருடம் அது. ஊரார் தெரியோ என்று கூப்பிடும் அவன், கரும்பு வெட்டுகிறவர்களின் சங்கத்தில் கூலிக்காகப் பேசுகிறவன். பேசுகிறவர்களை ஜீப் வந்து ஏற்றிப்போவது அப்போது வாடிக்கையாக இருந்தது. அவன் மனைவி சல்விங் சோளக் காபிக்குத் தண்ணீர் மொள்ள மூடியைத் திறந்தாள். "மிலா சாப்பிட்டாளா?" என்று மகளைப் பற்றி உள்ளேயிருந்து கேட்டான். சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அவள், "இன்னும் இல்ல. நீ எங்க இருக்கே?" என்றாள்.

அதை அவன் ஒரே மூச்சில் சொல்லவில்லை. தலையில் சாக்கு மாட்டியது, சர்க்கரைப்பாகு வாசம் வந்தது, பாலத்தில் ஜீப் குலுங்கியது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். கடைசியில் தன்னைப் புதைத்த இடத்தையும் சொன்னான். சல்விங் ராணுவ முகாமுக்குப் போய்க் கேட்டபோது சார்ஜென்ட் பல் குத்திக்கொண்டே, "மலைக்கு ஓடியிருப்பான். இல்லாட்டி இன்னொருத்தி கிடைச்சிருப்பா. நீ வேற ஆள் பாரு" என்றான். சொன்ன இடத்தைத் தோண்டத் துணிந்தவர்கள் யாருமில்லை, அது ராணுவம் காவல் காத்த பழைய சர்க்கரை ஆலை வளாகம். அந்தப் பானையிலிருந்து குடிப்பதை மட்டும் வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பசிங் எட்டிப் பார்த்து, "தெரியோ, உள்ள கொசு கடிக்குதா?" என்று கேட்பாள். "உன் வாயைவிடக் குறைவுதான்" என்று பானை பதில் சொல்லும். சல்விங்கும் பசிங்கும் சிரித்துவிட்டு அழுவார்கள்.

அந்தக் கோடையில் பகோலோட் நகரத்துக் குருமடக் கூடத்தில் ஒரு நீதிமன்றம் கூடியது. நோர்வே, மெக்சிகோ, செனகல் நாடுகளிலிருந்து சுற்றுலாப் பயணிகளாக வந்திறங்கியவர்கள்தான் நீதிபதிகள். எந்த அரசும் அவர்களை நியமிக்கவில்லை. அவர்களிடம் போலீஸ் இல்லை, சிறை இல்லை. அழைத்தால் வந்தாக வேண்டும் என்ற சட்டமும் இல்லை. காணாமல் போனவர்களைப் பற்றி வாக்குமூலம் வாங்குவது, தீர்ப்பெழுதி உலகத்துக்குப் படித்துக் காட்டுவது, அவ்வளவுதான் அவர்கள் வேலை. சாட்சிகளைத் தேடிக் கிராமம் கிராமமாக வந்த சிஸ்டர் பெலிசா பானைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, சாட்சி சொல்ல முடியுமா என்று தெரியோவையே கேட்டார். "வர்றேன் சிஸ்டர். வாயைக் கட்டி எடுத்துட்டுப் போங்க. வழியில மூச்சு விடமாட்டேன்" என்றது குரல்.

சல்விங் பானையை வாழையிலையால் மூடித் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாதி வழியில் ராணுவச் சோதனைச் சாவடி. தடுப்பு மூங்கிலைத் தூக்கி இறக்கும் சிப்பாய் ஆர்னுல்போ, மீசை அரும்பாத இளைஞன், பஸ்ஸுக்குள் ஏறினான்.

"மனாங், பானையில என்ன?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டான்.

"தண்ணி, தோத்தோ" என்றாள், தம்பி என்கிற மாதிரி.

"பட்டணத்துல குழாய் இல்லையா?"

"எனக்கு ஊர்த் தண்ணிதான் ஒத்துக்கும்."

"அப்போ எனக்கும் ஒத்துக்கும். விடிஞ்சதுலேர்ந்து வெயில்ல காயறேன். ஒரு சிரட்டை ஊத்துங்க."

கீழே நின்ற அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்றால் பானையை உடைத்துப் பார்ப்பார்கள். அவள் முடிச்சை அவிழ்த்தாள். பானை மூச்சு விடவில்லை. சிப்பாய் ஒரே மடக்கில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லி இறங்கினான். நகரம் வரும்வரை சல்விங் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

கூடம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் இருந்த நான்கைந்து பேரை எல்லோருக்கும் தெரியும். அவர்கள் சாட்சிகளின் முகத்தைப் பார்த்து வைக்க ராணுவம் அனுப்பியவர்கள். முகமில்லாத சாட்சியை ஏற்பதா என்று நீதிபதிகளுக்குள் பேச்சு எழுந்தது. தலைமை நீதிபதியான நோர்வேக்காரர் ஹால்வோர்சன், அரசுத் தரப்புக்காகப் போட்டுக் காலியாகவே கிடந்த நாற்காலியைக் காட்டி, "வராதவருக்கே இடம் கொடுத்திருக்கிறோம். வந்தவரைக் கேட்காமல் இருப்பதா?" என்றார். பானையை மேசைமேல் வைத்தார்கள். தெரியோ பெயர் சொன்னான், சாக்கைச் சொன்னான், பாலத்தைச் சொன்னான். "பாலத்தைத் தாண்டி..." என்றான். அதற்குமேல் குரல் வரவில்லை. சல்விங் குனிந்து, "சொல்லு, தெரியோ" என்று கெஞ்சினாள். தண்ணீர் சும்மா கிடந்தது. கடைசி வரிசையில் ஒருவன் சத்தமாகச் சிரித்தான். மிச்சம் அந்தச் சிப்பாய் குடித்த சிரட்டைத் தண்ணீரோடு போனதென்று அவளுக்குப் புரிந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஆர்னுல்போ சீருடையோடு உள்ளே வந்தான். கூட்டம் சுவரோரம் ஒதுங்கியது. யாரோ ஒருத்தி பிள்ளையை மேசைக்கடியில் தள்ளினாள். அவன் துப்பாக்கி கொண்டுவரவில்லை. இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நீதிபதிகளுக்கு முன்னால் வந்து வாயைத் திறந்தான். தெரியோவின் குரல் கேட்டது. "பாலத்தைத் தாண்டி, பழைய ஆலையோட எடைமேடைக்குப் பின்னால, ஈப்பில் மரத்தடியில என்னைப் புதைச்சாங்க. புதைக்கும்போது எனக்கு உயிர் இருந்துச்சு." சிஸ்டர் பெலிசா மொழிபெயர்க்கத் தொடங்கி, முடியாமல் உட்கார்ந்துவிட்டார். சிப்பாய் அழுதான். இப்போது அவன் தன் சொந்தச் சொற்களைப் பேசினான், குரல் மட்டும் தெரியோவுடையது. "அந்த ஜீப்புக்கு மூங்கிலைத் தூக்கிவிட்டது நான்தான். உள்ள யாரோ முனகினாங்க. எனக்குக் கேட்டுச்சு, மனாங்."

சல்விங் எழுந்துபோய் அவனை அறைந்தாள். "வேற குரல்ல பேசுடா!" என்று கத்தினாள். "வரமாட்டேங்குது" என்றான் அவன், அவள் புருஷன் குரலில்.

மறுநாள் நீதிபதிகள் முன்னால் நடக்க, கூடம் முழுவதும் மண்வெட்டிகளோடு ஆலைக்குப் போனது. காவலர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். வெள்ளைக்காரக் கிழவர் ஹால்வோர்சனைச் சுடச்சொல்லி யாரும் உத்தரவிடத் துணியவில்லை, தூக்கிய கை வலித்ததும் இறக்கிவிட்டார்கள். தோண்டி எடுத்த உடலின் சட்டைக் காலரில் தான் போட்ட தையலைப் பார்த்துச் சல்விங் தெரியோவை அடையாளம் சொன்னாள். அரசே குற்றவாளி என்று தீர்ப்பு படிக்கப்பட்டது. அரசு அதை நாடகம் என்றது. யாரும் சிறைக்குப் போகவில்லை. தெரியோ மட்டும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான், பெயர் எழுதிய சிலுவையோடு.

ஆர்னுல்போ முகாமுக்குத் திரும்பவில்லை. பாதிரியார் அவனைச் சில காலம் மறைத்து வைத்தார். அதிபர் நாட்டைவிட்டு ஓடிய பிறகு அவன் வெளியே வந்து கரும்பு வெட்டினான். வைத்தியர்கள் இஞ்சிச் சாறு கொடுத்தார்கள், வாந்தி எடுக்கவைத்தார்கள். அவன் சொந்தக் குரல் திரும்பவே இல்லை. குரலை எப்படித் திருப்பிக் கொடுப்பதென்று கேட்டு அவன் முதல்முறை சல்விங்கின் வேலியருகே வந்தபோது, அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, "வச்சுக்க. ஆனா எம்முன்னால வந்து நின்னு பேசாதே. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசு" என்றாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்து போகும்போது அவன் வேலியருகே நிற்பான். மழை வருமா, ஆலை எப்போது திறக்கும், மிலாவுக்குக் காய்ச்சல் விட்டதா என்று பேசுவான். சல்விங் முதுகைக் காட்டியபடி அரிசி புடைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள், சில நாள் சிரிப்பாள். திரும்பிப் பார்க்கமாட்டாள். அந்தத் தெருவில் யாரும் அதை விசித்திரமாக நினைப்பதில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை, அந்த வழியாக வருகிறவர்கள் சற்றுத் தள்ளி நின்று காத்திருந்துவிட்டுப் போவார்கள்.